மேசைமேல் ஓர் உள்நாட்டுப் போர்

சென்ற நவராத்திரி முடிந்து கொலுப்படிகளை இறக்கிய பின்னரும், அவற்றின் அடியில் நாங்கள் அமைத்திருந்த பூங்கா மட்டும் கலைக்கப்படவில்லை. பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புல்வெளியும், தீப்பெட்டிகளால் கட்டிய வீடுகளும், நீலக் காகிதத்தில் ஓடிய ஆறும் அவ்வாறே உணவு மேசைக்கு இடம் பெயர்ந்தன. கோயில் நின்ற இடத்தில் அட்டையால் ஒரு மாதாகோயில் எழுந்தது. அன்று தொட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் எங்கள் இல்லத்தில் இங்கிலாந்து தேசத்து உள்நாட்டுப் போர் நடந்து வருகிறது. அன்பர்கள் சரித்திரப் புத்தகத்தைப் புரட்ட வேண்டா. இது ஒருபோதும் நடவாத போர்.

இதனை எங்களுக்கு அறிமுகம் செய்தவர், கரக்பூரில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்கு அண்மையில் வாழும் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர். ஆங்கிலோ இந்தியப் பெரியவர். இங்கிலாந்தில் குடியேறிய அவருடைய புதல்வி பிறந்தநாள் பரிசாக ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார். அதனுள் ஒன்றரை விரற்கடை உயரமுள்ள உலோகப் பொம்மைகள் அறுபதுக்கு மேல் இருந்தன. 28 மில்லிமீட்டர் என்பது இவற்றின் அளவுப் பெயராம். எல்லாம் வர்ணம் பூசாதவை. பெரியவருக்கோ கை நடுக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் தூரிகையைக் கொடுத்து, “பேட்டா, நீ வர்ணம் தீட்டு, நான் ஆடக் கற்றுத் தருகிறேன்” என்றார். ஒப்பந்தம் அவ்வளவே.

போரை விளையாட்டாக்குவது புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என நாற்படையையும் கட்டத்துக்குள் அடக்கிய சதுரங்கம் நம் நாட்டிற் பிறந்ததே. பிரஷ்ய நாட்டில் 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி, நிலப்படமும் பகடையும் கொண்டு சேனைத் தலைவர்கள் பயிலும் ஆட்டம் ஒன்றை வகுத்தளித்தார். பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டில் ஆடும் முறைக்குப் பெயர் தேடித் தந்தவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் அவரது நூல் 1913-இல் வெளிவந்தது. அவர் பகடை உருட்டவில்லை. விளையாட்டுப் பீரங்கியால் மரக்குண்டு எறிந்து பொம்மைகளை வீழ்த்தினார். மறு ஆண்டே ஐரோப்பாவில் மெய்யான பீரங்கிகள் முழங்கத் தொடங்கின என்பதை நினைக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

எங்கள் மேசையில் நடக்கும் கதைக்கு ‘எ வெரி பிரிட்டிஷ் சிவில் வார்’ என்று பெயர். இக்கற்பனை இந்த நூற்றாண்டில்தான் ஆட்டக்காரரிடையே பரவியது. அதன் வேரோ மெய்யான சரித்திரத்தில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் அரியணை ஏறிய எட்டாம் எட்வர்டு மன்னர், வாலிஸ் சிம்ப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணக்க விரும்பினார். அப்பெண்மணியின் முதல் மணம் முன்பே முறிந்திருந்தது. இரண்டாவது மணம் முறியும் நிலையில் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர். முந்தைய கணவர் உயிரோடிருக்க ஒருத்தி மறுமணம் புரிவதை அத்திருச்சபை அந்நாளில் ஏற்பதில்லை. பிரதம மந்திரி பால்டுவினும் இசையவில்லை. டிசம்பர் 10-ஆம் நாள் மன்னர் முடிதுறப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். தம்பி, ஆறாம் ஜார்ஜ் என்னும் பெயருடன் அரசரானார். ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை.

ஆட்டம் இவ்விடத்தில் சரித்திரத்தை விட்டு விலகுகிறது. மன்னர் முடி துறக்க மறுத்துவிடுகிறார். மந்திரி சபை பதவி விலகுகிறது. மன்னரோ, ஆஸ்வால்டு மோஸ்லியை அழைத்து ஆட்சியை ஒப்படைக்கிறார். இந்த மோஸ்லி கற்பனை மனிதர் அல்லர். 1932-இல் பிரிட்டிஷ் பாசிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்துத் தொண்டர்களுக்குக் கருஞ்சட்டை அணிவித்தவர் அவர். (நம் நாட்டில் கருஞ்சட்டை என்றதும் நினைவுக்கு வருவோர் வேறு, அவர்களுக்கும் இவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) 1938-இல் நாடு பிளவுபட்டுப் போர் மூள்கிறது. ஒருபுறம் மன்னர் படையும் கருஞ்சட்டையினரும். எதிர்ப்புறம் திருச்சபையைச் சார்ந்த ஆங்கிலிக்கன் லீகினர். இன்னும் ஒருபுறம் பொதுவுடைமையாளர். இவற்றுக்கிடையே எவருக்கும் அடங்காத கிராமக் காவற்படைகள். பாதிரியார் துப்பாக்கி ஏந்துவார். பால் வண்டிக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டி ஆக்குவார்கள். நகைப்புக்கு இடமுண்டு, ஆயினும் சுடுபவரும் சுடப்படுபவரும் ஒரே ஊரார் என்பதை எண்ணினால் நகைப்பு அடங்கிவிடும்.

இங்கிலாந்தில் மெய்யாகவே உள்நாட்டுப் போர் நடந்ததுண்டே, 1649-இல் மன்னரின் தலையையே கொய்தார்களே, அதை ஆடலாகாதா என்று கேட்டேன். பெரியவர், “அதில் யார் வெல்வார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் எவருக்கும் தெரியாதே” என்றார்.

எங்கள் போர்க்களம் வேல்ஸ் எல்லையை அடுத்த ஹெரிஃபர்ட்ஷயரில் ஒரு சிற்றூர். அங்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தண்டவாளம் உண்டு. அதற்குரிய எஞ்சினை நான் அட்டையில் செய்து கறுப்பு வர்ணம் பூசியபோது பெரியவர் கொதித்தெழுந்தார். அக்கம்பெனியின் எஞ்சின் பச்சையாம்! மூன்று நாள் கழித்துப் பச்சை வர்ணம் பூசிய பிறகே ஆட்டம் தொடங்கிற்று. டிரைவர் டிரைவர்தான்.

விதிமுறைகளை அவரே சுருக்கி இரண்டு தாளில் எழுதித் தந்திருக்கிறார். ஓர் அணிக்குப் பத்துப் பேர். ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நடக்கலாம். அளவு நாடாவால் அளக்க வேண்டும். சுடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை. வெட்டவெளியில் நிற்பவர்மீது 5 அல்லது 6 விழுந்தால் குறி தப்பாது. சுவருக்குப் பின் இருப்பவராயின் 6 விழ வேண்டும். கணக்கிட்டால், பத்துப் பேர் சுட்டு வெளியில் மூவர் வீழ்வர். சுவர் இருப்பின் வீழ்வோர் சராசரியாக இருவருக்கும் குறைவே. இக்கணக்கைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருமுன் என் மகன் சுவரோரமாக நின்று கற்றுக்கொண்டான்.

சங்கடம் அணி பிரிக்கும்போது வந்தது. பையன் கருஞ்சட்டையினரைக் கேட்டான். எதிரணியிலோ ரொட்டிக் கடைக்காரர், போலீஸ்காரர், தபால்காரர் என ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. இவர்கள் மட்டும் வரிசையாக, ஒரே உடுப்பில், பளபளவென்று இருந்தார்கள். அதுதான் காரணம், வேறில்லை. தேநீர் கொண்டுவந்த என் மனைவி நின்று கேட்டுவிட்டு, “ஏங்க, ஊரை மிரட்டுகிற கூட்டத்துக்கு நம் பிள்ளைதான் தலைவனாக வேண்டுமா?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்றும் எண்ணினேன்.

பெரியவர் கோபிக்கவில்லை. “அந்தப் பக்கத்தை ஒருவர் ஆடித்தான் ஆகவேண்டும், அம்மா. ஆனால் யாரை ஆடுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆடட்டும்” என்று கூறிப் பையனை அருகில் அமர்த்திக்கொண்டார். 1936 அக்டோபர் 4-ஆம் நாள் லண்டனில், யூதர் மிகுதியாக வாழ்ந்த கிழக்குப் பகுதி வழியே மோஸ்லியின் ஆட்கள் ஊர்வலம் செல்ல முயன்றதையும், கேபிள் தெருவில் மக்கள் திரண்டு தடையரண் எழுப்பியதையும், ஊர்வலம் திரும்பிப்போனதையும் சொன்னார். அடுத்த ஆண்டு முதல் நாளிலிருந்து அரசியல் சீருடைகளையே சட்டம் தடுத்தது என்றும், 1940-இல் மோஸ்லி காவலில் வைக்கப்பட்டார் என்றும் சொன்னார். பையன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, “சரி அங்கிள், நான் அவர்களையே எடுத்துக்கொள்கிறேன்” என்றான். உடுப்பின் கவர்ச்சி அத்தகையது. மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஊர்க்காவல் என் பொறுப்பு, பெரியவர் நடுவர். ஐந்தாம் முறையில் பையனின் அணி பாலத்தைக் கடந்து வந்து சுட்டது. சுவருக்குப் பின்னால் என் ஆட்கள் அறுவர். பத்துப் பகடைகள் உருண்டன. ஒன்றில் மட்டும் 6. மிக அருகில் நிற்பவரே வீழ்வார் என்பது விதி. அருகில் நின்றவர் தபால்காரர்.

அப்பொம்மைக்கு அவன் இரண்டு மாலை வேளைகள் செலவிட்டிருந்தான். கருநீல உடுப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற சிவப்புக் கோடு இட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருந்தான். “அப்பா, ரொட்டிக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்களேன். அவரும் பக்கத்தில்தானே இருக்கிறார்?” என்றான். நான் இசைந்துவிட இருந்தேன். “அளந்து பார், பேட்டா” என்றார் பெரியவர். நாடாவை அவனே வைத்தான். தபால்காரர் ஏழு அங்குலம். ரொட்டிக் கடைக்காரர் எட்டு. அவன் கையாலேயே தபால்காரரை எடுத்துப் புறத்தே படுக்க வைத்தான்.

எட்டாம் முறையில் மாதாகோயில் அவன் வசமாயிற்று. முதல் வெற்றி, ஆயினும் வழக்கமான கூச்சல் எழவில்லை. வீழ்ந்தவர் ஒவ்வொருவருக்கும் இறுதியில் ஒரு பகடை உருட்ட வேண்டும். 1, 2 வந்தால் அவர் இனி எந்த ஆட்டத்திலும் இல்லை. அதற்கு மேல் வந்தால் காயத்துடன் பிழைத்து ஓர் ஆட்டம் ஓய்வெடுப்பார். தபால்காரருக்குரிய பகடையைத் தானே உருட்டுவதாக அவன் கேட்டான். வீழ்ந்தவர் என் ஆள். உருட்டும் உரிமை என்னுடையது. விட்டுக்கொடுத்தேன். நெடுநேரம் கைக்குள் குலுக்கினான். 3 விழுந்தது.

கருஞ்சட்டையை அவன் இன்னும் விட்டபாடில்லை. அவன் அன்னைக்கு அதில் இன்னும் சம்மதமுமில்லை. அதற்கடுத்த ஞாயிறு தபால்காரர் பெட்டியிலேயே இருந்தார். அதற்கும் அடுத்த ஞாயிறு அவர் சுவரோரம் வந்து நின்றபோது, தொப்பிக்குக் கீழே நெற்றியைச் சுற்றி, சிவப்புக் கோட்டைப் போன்றே மெல்லியதாக, வெள்ளை வர்ணத்தில் ஒரு கட்டுப் போடப்பட்டிருந்தது.