ஷெர்லக் ஹோம்ஸின் பேனாக்கத்தி

துப்பறியும் கதைகளில் ஈடுபட்ட மாணவர் எவர்க்கும் ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் பெயர் புதிதன்று. ஸர் ஆர்தர் கானன் டாயில் என்னும் மருத்துவர் 1887-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகப்படுத்திய இக் கற்பனை மனிதரிடம் பூதக்கண்ணாடியும், அளவுநாடாவும், புகைக்குழாயும் இருந்தன என்பதைப் பலரும் அறிவர். அவருடைய சட்டைப்பையில் இருந்த கத்தி யாது என வினவுவோர் சிலரே. அற்ப வினாவென்று இதனைத் தள்ளுதல் ஆகாது. சிறு பொருள்களையே பெருஞ் சான்றாகக் கொண்டவர் அவர்; ஆதலின், அவர் முறையையே கைக்கொண்டு அவர் கத்தியை ஆராய்தல் பொருத்தமுடைத்து.

கதைகளிற் கிடைக்கும் சான்றுகளை முதற்கண் நோக்குவோம். 1893-இல் வெளிவந்த மஸ்கிரேவ் குடும்பச் சடங்கைப் பற்றிய கதையின் தொடக்கத்தில், டாக்டர் வாட்ஸன் தம் தோழரின் ஒழுங்கற்ற பழக்கங்களை எடுத்துரைக்கின்றார். சுருட்டுகள் கரிக்கூடையில் இருக்கும். புகையிலை பாரசீகச் செருப்பின் முனையில் இருக்கும். விடை எழுதாத கடிதங்களோ கணப்படுப்பின் மேலுள்ள மரச்சட்டத்தில் ஒரு 'ஜாக்' கத்தியாற் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். மாலுமிகளும் தோட்ட வேலை செய்வோரும் கொண்டிருந்த, பருத்த அலகுடைய மடக்குக் கத்திக்கே ஆங்கிலத்தில் அப்பெயர் வழங்கும். கடிதக் கற்றையை ஊடுருவி மரத்திற் பதிவதற்கு அத்தகைய உறுதி வேண்டும். ஆனால், வீட்டில் கடிதங்களைக் காத்து நின்ற கத்தி, நாள்தோறும் தலைவருடன் வெளியே சென்றிருக்க இயலாதன்றோ? ஆகவே, உடன் கொண்டுசெல்ல வேறொரு கத்தி அவருக்கு இருந்திருத்தல் வேண்டும்.

அது எத்தகையது? 1910-இல் வெளிவந்த 'பிசாசின் கால்' என்னும் கதையில், விளக்கின் மேல்மூடியாகிய தகட்டிற் படிந்த சாம்பலைச் சுரண்டி ஓர் உறையில் இடுகின்றார் ஹோம்ஸ். இத்தகைய நுண்ணிய வேலைக்கு மெல்லிய சிறு அலகே ஏற்றது.

இதனினும் சுவையான சான்று 1891-இல் வெளிவந்த பாஸ்கோம் பள்ளத்தாக்கின் கதையில் உள்ளது. கொலை நிகழ்ந்த இடத்தருகே ஒரு சுருட்டுத் துண்டைக் கண்டெடுக்கின்றார் ஹோம்ஸ். அதன் நுனி பல்லாற் கடிக்கப்படவில்லை, வெட்டப்பட்டிருந்தது. வெட்டோ செவ்விதாக இல்லை. ஆதலின், குற்றவாளியின் சட்டைப்பையில் மழுங்கிய பேனாக்கத்தி ஒன்று உண்டு எனத் துணிகின்றார். (முதற் கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை இனங்கண்டவர் இவர் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.) பிறர் கத்தியின் மழுக்கத்தைச் சுருட்டு நுனியிற் கண்டவர், தம் கத்தியைக் கூர் குன்றாமல் வைத்திருந்தார் எனக் கொள்ளுதலில் தவறில்லை.

பேனாக்கத்தி என்னும் பெயரே ஒரு சரித்திரத்தை உட்கொண்டது. இறகினால் எழுதிய நாளில், அதன் முனை அடிக்கடி தேய்ந்துபோகும். அதனைச் சீவிப் பிளந்து செம்மைப்படுத்தவே இச் சிறு கத்தி எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் நகரத்து எஃகு முட்கள் பெருகவே, இறகுப் பேனா மறைந்தது, கத்தி மறையவில்லை. பென்சில் சீவவும், கயிறு அறுக்கவும், கடித உறை கிழிக்கவும், சுருட்டு நுனி வெட்டவும் அது பயன்பட்டது. கனவான்கள் அதனை ஆயுதமாகக் கருதவில்லை. கைக்குட்டையையும் கடிகாரத்தையும் போலவே கொண்டு திரிந்தனர்.

பல கருவிகள் அடங்கிய சுவிட்சர்லாந்து தேசத்துக் கத்தியை ஹோம்ஸின் கையில் வைத்துப் பார்ப்போர் இந்நாளில் உளர். காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. அத்தேசத்துப் போர்வீரருக்கான கத்தி 1891-இலேதான் முதன்முதல் வழங்கப்பெற்றது. கார்ல் எல்ஸெனர் என்பார் அதிகாரிகளுக்கெனச் செய்த இலேசான கத்தி பதிவு பெற்றது 1897-இல். அதற்கு நெடுநாள் முன்னரே இங்கிலாந்தில், திருகாணி, துளையூசி, சிறு வாள், குதிரைக் குளம்பிற் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி முதலியன அமைந்த வேட்டைக்காரர் கத்திகள் இருந்தன. ஆயினும் அவை கனமானவை. வெய்ஸ்ட்கோட்டின் சிறு பைக்கு ஏற்றவையல்ல.

எனவே நம் ஆராய்ச்சி ஷெபீல்டு நகரத்தை அடைகின்றது. பதினான்காம் நூற்றாண்டிலேயே சாஸர் என்னும் ஆங்கிலக் கவி தம் கதையில் வரும் மாவு அரைப்போன் ஒருவனுக்கு ஷெபீல்டுக் கத்தியை அளித்துள்ளார். 1624-இல் அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர் சங்கம் பார்லிமெண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. 1740-ஆம் ஆண்டினையடுத்து, பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பார் மண்மூசையில் எஃகை உருக்கி ஒரு சீராக்கும் முறையைக் கண்டார். ஜோஸப் ராஜர்ஸ் கம்பெனியார், நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த முத்திரையுடன் அரசர்க்குரிய கத்திகளைச் செய்தனர். 1851-ஆம் ஆண்டின் பெருங் கண்காட்சியில் 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியை வைத்து உலகை வியக்கச் செய்தனர்.

நாம் தேடும் கத்தியோ எளியது. மூன்று அங்குல நீளமுள்ள பிடி. அதில் பெரியதும் சிறியதுமாக இரண்டு அலகுகள். பிடியின் முதுகில் ஒரு வில். அலகைத் திறக்குங்கால் அவ் வில் எழுந்து தாழ்ந்து அதன் அடியை இறுகப் பற்றும்; நல்ல கத்தி திறப்பினும் மூடினும் தெளிந்த ஓசை தரும். பிடிக்கு யானைத்தந்தமும், முத்துச்சிப்பியும், இந்தியக் காடுகளிற் கடமான் உதிர்க்கும் கொம்பும் பயன்பட்டன. அலகு எளிதில் துருவேறும் எஃகு; பழம் நறுக்கினாற் கறுத்துவிடும். அதுபற்றியே செல்வர் பழத்திற்கென வெள்ளி அலகுடைய மடக்குக்கத்தி வைத்திருந்தனர். துருவேறா எஃகை ஹாரி பிரேர்லி என்பார் அந்நகரத்திலேயே கண்டது 1913-இல். அதற்குள் விக்டோரியா மகாராணியார் காலம் கடந்துவிட்டது. ஆகவே ஹோம்ஸ் தம் கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்தே மூடியிருத்தல் வேண்டும்.

வாட்ஸனின் கடிகாரம் ஒன்றைக் கையில் வாங்கி, அதன் கீறல்களிலிருந்தே முன்னர் அதனை வைத்திருந்தவரின் வாழ்க்கையை ஹோம்ஸ் உரைத்த செய்தியை 1890-இல் வந்த கதையிற் காண்கிறோம். அவர் தம் கத்தியையும் அவ்வாறே நோக்கியிருப்பின் யாது கண்டிருப்பார்? அலகின் அடியில் செய்தோர் பெயரும், மகாராணியாரைக் குறிக்கும் முடியும் எழுத்துக்களும் இருக்கலாம். அம் முத்திரைக்கும் ஒரு வழக்கு உண்டு. அயல்நாட்டுக் கத்திகளிற் பொய்யாக ஷெபீல்டுப் பெயரைப் பொறித்தலைத் தடுக்கவேண்டும் என அந்நகரத்தார் முறையிட்டனர். 1887-இல் பொய் முத்திரைகளைத் தண்டிக்கும் சட்டம் பிறந்தது. ஹோம்ஸ் பிறந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயலான ஒற்றுமை.

முத்திரையிற் காணப்படாத பெயர்கள் பல. ஒருவர் அலகை அடித்து உருவாக்குவார், மற்றொருவர் சாணை பிடிப்பார், பிறிதொருவர் பிடியமைப்பார். சாணை பிடித்தோர் சுழலும் மணற்கல்லின்மீது நாள் முழுதும் குனிந்திருந்தனர். கல்லின் பொடியும் எஃகின் பொடியும் நுரையீரலிற் புகுந்தன. உலர்ந்த கல்லில் தொழில் செய்தோரின் ஆயுள் சராசரி முப்பத்தைந்து ஆண்டும் இல்லை. ஈரக் கல்லில் தொழில் செய்தோரிலும் நாற்பத்தைந்தைக் கடந்தோர் அரியர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகர மருத்துவர் ஒருவர் வெளியிட்டார். தூசியை இழுத்து அகற்றும் காற்றாடிகள் அறியப்பட்டிருந்தும், பல பட்டறைகளில் அவை நெடுங்காலம் அமைக்கப்படவில்லை.

விரல்நகம், சட்டைக்கை, காலணி, கைத்தழும்பு ஆகியவற்றால் ஒருவன் தொழிலை அறியலாம் என்பது ஹோம்ஸின் கொள்கை. அத்தகையவர் முன் சாணைத் தொழிலாளி ஒருவன் இருமிக்கொண்டு வந்து நின்றிருந்தால், அவன் வாய் திறவாமுன்னரே அவன் ஊரையும் தொழிலையும் நோயையும் கூறியிருப்பார். குற்றவாளியைத் தேடும் துப்பறிவோர் எவரும் அவ்வழக்கை ஏற்றதில்லை. ஆயினும் அதற்குரிய சான்று, பளபளப்பான அலகின் வடிவில், கனவான்கள் பலர் சட்டைப்பையிலும் இருந்தது.

முடிவாகக் கூறுமிடத்து, ஹோம்ஸின் கத்திகள் இரண்டு: வீட்டில் மரச்சட்டத்திற் குத்தி நின்ற ஜாக் கத்தி ஒன்று, வெய்ஸ்ட்கோட்டின் பையில் இருந்த, இரண்டு அலகுள்ள ஷெபீல்டுப் பேனாக்கத்தி மற்றொன்று. கற்பனை மனிதர் ஒருவரின் கத்தியைத் தேடப் புகுந்து, உண்மை மனிதர் பலரின் உழைப்பைக் கண்டோம். காண்பது வேறு, கூர்ந்து நோக்குவது வேறு என்பர். மாணவ நண்பர்களே, நம் மேசைமேற் கிடக்கும் சிறு பொருளொன்றை இன்று கையில் எடுத்து, இதனைச் செய்தோர் யாவர் என ஒருமுறை வினவுவோமாக.