நாலு பேர், நாலு நாள்

கிழவி ஒருத்தி சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். ஊரில் பொழுது விடிவதில்லை. கன்னட நாட்டுப்புறக் கதை. இதைப் படமாக்கிய புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள், 2024 மே மாதம் கான் விழாவின் மாணவர் பிரிவான லா சினெஃபில் முதல் பரிசை வென்றார்கள். உலகெங்கும் 555 திரைப்படப் பள்ளிகளிலிருந்து வந்த படங்கள் 2,263. போட்டிக்குத் தேர்வானவை 18. பரிசு 15,000 யூரோ.

'சன்ஃப்ளவர்ஸ் வேர் த ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ' படத்தின் இயக்குநர் சிதானந்த நாயக், மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். ஆனால் படம் அவர் ஒருவருடையதல்ல. ஓராண்டு டெலிவிஷன் படிப்பின் முடிவில், துறைக்கு ஒருவராகச் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். ஒளிப்பதிவு சூரஜ் தாக்கூர், படத்தொகுப்பு மனோஜ் வி., ஒலி அபிஷேக் கதம். ஒருவர் சறுக்கினால் நால்வருக்கும் நஷ்டம்.

படப்பிடிப்புக்குக் கிடைத்ததோ நாலே நாள். விடியாத ஊரின் கதை என்பதால் இருட்டோடுதான் மல்லுக்கட்டு. எந்த ஷாட் முதலில், விளக்கு எங்கே, நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே காகிதத்தில் முடிவாகாவிட்டால் இத்தகைய படம் தேறாது.

விளம்பரம்? சுவரொட்டிக்குக் காசில்லாத மாணவர் படத்துக்குத் திரைப்பட விழாக்கள்தான் சந்தை. சப்டைட்டில் சேர்த்து, கதைச் சுருக்கம் எழுதி, கெடு தேதிக்குள் அனுப்புவதும் படம் எடுப்பதில் சேர்த்திதான். அதையும் ஒருவர் தலையில் கட்டாமல் பகிர்ந்துகொள்ளும் குழுவின் படமே ஊர் தாண்டும். கானுக்குப் பிறகு அந்த ஆண்டே ஆஸ்கர் குறும்படப் போட்டிக்கும் இது தகுதி பெற்றது.

பரிசு அறிவிப்பில் முந்துவது இயக்குநரின் பெயர். சேவலைக் கூவ வைத்தவர்கள் நாலு பேர்.