எண்ணெய்த் துளி புற்றைக் காட்டுமா?

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழிகள் உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எண்வகைத் தேர்வு என்று பெயர். இதில் கடைசியில் உள்ளதை இரண்டாகப் பிரிப்பார்கள். சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் பார்ப்பது நீர்க்குறி. விடிகாலைச் சிறுநீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, காற்றசைவு இல்லாத இடத்தில், சூரிய வெளிச்சத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பார்ப்பது நெய்க்குறி. பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போலப் பரவினால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம். தேரையர் பெயரில் வழங்கும் நூல்களில் இது விரிவாக இருக்கிறது.

இதே எண்ணெய்த் துளி புற்றுநோயையும் காட்டும் என்று காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. "கத்தி பட்டா பரவிடும்" என்று பயாப்ஸிக்குப் போகாமல் தள்ளிப்போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வலிக்காமல், வெட்டாமல், ஒரு துளி எண்ணெயில் தெரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சீனாவில் இதே ஆசை பெரிய ஆராய்ச்சியாகவே நடக்கிறது. அங்கே நாக்கு, நாடி பார்த்து நோயாளியை 'ஜெங்' என்ற வகைகளாகப் பிரிப்பார்கள். அந்த வகைக்கும், புற்றுநோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள மெட்டபொலைட்டுகளுக்கும் தொடர்பு தேடுகிறார்கள். மெட்டபொலைட் என்றால் வேறொன்றும் இல்லை. செல்கள் வேலை செய்யும்போது உருவாகும், செலவாகும் சின்ன மூலக்கூறுகள்: சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பமிலம், யூரியா மாதிரி.

அப்படியொரு தொடர்பு கிடைத்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுதான் இங்கே கேள்வி.

துளி ஏன் பரவுகிறது?

முதலில் நெய்க்குறியின் இயற்பியல். எண்ணெய் பரவுவதும் குவிந்து நிற்பதும் பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. சிறுநீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதற்கேற்ப இழுவிசை மாறும். நம் மருத்துவக் கல்லூரிகளிலேயே இதன் பங்காளி ஒன்று உண்டு: ஹே பரிசோதனை. சிறுநீர் மேல் கந்தகப் பொடியைத் தூவுவார்கள். சாதாரணச் சிறுநீரில் பொடி மிதக்கும். பித்த உப்பு கலந்திருந்தால் இழுவிசை குறைந்து பொடி மூழ்கிவிடும். பித்தக்குழாய் அடைபட்டு வரும் மஞ்சள் காமாலைக்கு அது ஓர் அறிகுறி.

ஆக, சிறுநீரின் மேற்பரப்பைப் பார்த்து உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும் என்பதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. (சித்தத்தின் பித்தமும் கல்லீரல் சுரக்கும் பித்தநீரும் ஒன்றே என்று மட்டும் தாவிவிட வேண்டாம்.)

ஆனால் ஹே பரிசோதனை எங்கே நின்றுவிடுகிறது பாருங்கள். அடைப்பு பித்தப்பைக் கல்லாலும் வரலாம், கணையத் தலையில் வந்த புற்றாலும் வரலாம். இரண்டிலும் பொடி ஒரே மாதிரிதான் மூழ்கும். அது சொல்வது உடம்பின் நிலையை. நோயின் பெயரை அதனால் சொல்ல முடியாது. பரப்பு இழுவிசை என்பது ஒரே ஓர் எண். அதை மாற்றக்கூடிய காரணங்கள் பல. சரியாகக் கழுவாத பாத்திரத்தின் சோப்பும் அதில் அடக்கம்.

ஜெயித்த இரண்டு குறிகள்

பழைய கண்டுபிடிப்பும் மெட்டபொலைட்டும் அச்சாகப் பொருந்திய கதையும் உண்டு. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாமல் மிச்சம் வெளியே வருகிறது. எறும்பு கண்டுபிடித்தது நோயின் மையப்பொருளையே. இன்று அதே குளுக்கோஸை குளுக்கோமீட்டர் பட்டை மின்வேதியியல் மூலம் அளக்கிறது. காரைக்குடியில் 1953-ல் திறந்த செக்ரி ஆய்வகம் இருப்பதே அந்தத் துறைக்காகத்தான். ஆனாலும் எறும்பு வரும் கட்டத்தில் சர்க்கரை ஏற்கெனவே நன்றாக ஏறியிருக்கும். குறி உண்மை, ஆனால் தாமதம்.

புற்றுநோயிலும் அப்படி ஒன்று இருக்கிறது. 1840-களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளியின் சிறுநீர் வந்தது. சூடாக்கினால் திரிந்தது, கொதிக்கவிட்டால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரிந்தது. எலும்பு மஜ்ஜையில் வரும் மயலோமா என்ற புற்றின் செல்கள் கொட்டும் ஒரு புரதம் அது. சின்ன மூலக்கூறு இல்லைதான். ஆனால் புற்றின் செல்லே அதைத் தயாரிப்பதால் குறி வலுவாக நிற்கிறது. இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே அழைக்கிறார்கள்.

இரண்டிலும் பொது அம்சம் ஒன்று: நோயிலிருந்து குறிக்கு நேர்க்கோடு போட முடிகிறது.

மற்ற புற்றுகளில் ஏன் சிக்கல்?

புற்றுச் செல் நம் செல்லின் பிள்ளைதான். அது உண்பதையும் கழிப்பதையும் நல்ல செல்லும் செய்கிறது, அளவுதான் வேறு. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அசுரப் பசியோடு விழுங்கி லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களில் காட்டினார். இன்றைய பெட் ஸ்கேன் பெரும்பாலும் இந்தப் பசியைத்தான் படம்பிடிக்கிறது. ஆனால் காசநோய்க் கட்டியும் அதே ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். நம் நாட்டில் இது தினசரிச் சிக்கல். அதனால்தான் ஸ்கேனுக்குப் பிறகும் டாக்டர் சதைத் துணுக்கு கேட்கிறார்.

அடுத்தது கணக்குச் சிக்கல். மென்பொருள் வேலையில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான்: வரிசை குறைவு, பத்தி அதிகம். 60 பேரிடம் 500 மெட்டபொலைட்டுகளை அளந்தால், உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும், வழக்கமான 5 சதவீத அளவுகோலில் சுமார் 25 'குறிகள்' சும்மாவே கிடைக்கும்.

2009-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 262 மாதிரிகளில் 1,126 மெட்டபொலைட்டுகளை அளந்து, புராஸ்டேட் புற்றின் தீவிரத்தை சார்கோசின் என்ற பொருள் காட்டும் என்று நேச்சர் இதழில் எழுதியது. கவனமாகச் செய்த ஆய்வு. அடுத்த ஆண்டே வேறு குழுக்கள் சிறுநீரில் அளந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. நாடியோ நாக்கோ கலக்காத, தூய வேதியியல் ஆய்வின் கதையே இது. நடுவில் 'வாதம், பித்தம், கபம்' என்று பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறக்கூடிய இன்னொரு அடுக்கைச் சேர்த்தால் சிக்கல் கூடத்தானே செய்யும்?

மூன்றாவது, ஒளிந்திருக்கும் காரணம். புற்றுநோயாளி சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை இறங்குகிறது, தூக்கம் இல்லை. நாக்கில் மாவு படியும், நாடி தளரும், சிறுநீர் அடர்த்தியாகும், மெட்டபொலைட்டுகளும் மாறும். நாடிக்கும் மெட்டபொலைட்டுக்கும் தொடர்பு நிஜம்தான். ஆனால் இரண்டையும் ஆட்டிவைப்பது பட்டினியும் மெலிவும். காசநோயால் மெலிந்தவரிடமும் இதே தொடர்பு கிடைக்கலாம். நல்ல வைத்தியர் ஒருவர் "உடம்பு தளர்ந்திருக்கு" என்று சொன்னால் அவர் பார்த்தது சரிதான். அதைப் புற்று என்று பெயரிடும்போதுதான் பாலம் உடைகிறது.

குறி சரியாக இருந்தும் தோற்ற கதை

ஜப்பானில் 1980-களில் ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்தார்கள். நியூரோபிளாஸ்டோமா என்ற புற்று வெளியேற்றும் மெட்டபொலைட்டுகளைத் தேடும் பரிசோதனை. நேர்க்கோடு உள்ள, வலுவான குறி. கட்டிகள் நிறையவே அகப்பட்டன. 2002-ல் கனடா, ஜெர்மனி ஆய்வுகள் வந்தபோது இப்படித் தேடியதால் குழந்தை இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. அகப்பட்டவற்றில் பல, தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகள். அவற்றுக்காகக் குழந்தைகள் சிகிச்சையின் கஷ்டத்தை அனுபவித்தார்கள். 2004-ல் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. கண்டுபிடிப்பது ஒன்று, காப்பாற்றுவது வேறொன்று.

நேர்மையான சோதனை எப்படி இருக்கும்?

நெய்க்குறியைச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்வது கஷ்டமும் இல்லை. பயாப்ஸிக்கு வரும் எல்லோரிடமும் முடிவு தெரியும் முன்பே சிறுநீர் எடுக்க வேண்டும். துளியைப் படம்பிடித்து, நோயாளி யாரென்று தெரியாத இரண்டு வைத்தியர்களிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அவர்கள் ஒத்துப்போகிறார்களா என்பது முதல் கேள்வி. ஒப்பிட வேண்டியது ஆரோக்கியமானவர்களோடு அல்ல, அதே அளவு மெலிந்த மற்ற நோயாளிகளோடு. பிறகு வேறொரு ஊரில் திரும்பச் செய்ய வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அடையாறில் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் ஒரே நகரம்தான்.

அது வரைக்கும் வீட்டில் என்ன செய்வது? மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், கழுத்திலோ மார்பிலோ கட்டி, சிறுநீரில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குதல்: இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவமனை. வைத்தியரிடம் போவதானால் போங்கள், ஆனால் பயாப்ஸி தேதியைத் தள்ளாதீர்கள். ஊசி பட்டுப் புற்று பரவுவது மிக அபூர்வம். தள்ளிப்போட்ட மாதங்களில் அது வளர்வது அபூர்வம் இல்லை.