செய்து கற்றது – 7: ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்

பள்ளித் தொழில்நுட்ப வகுப்பில் எங்கள் குழு எடுத்துக்கொண்ட வேலை, உப்பளத்து நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் கருவி. இந்த வாரம் அதன் புரோகிராமைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஆன்ட்வான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் புரோகிராமுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

எக்கியார்குப்பத்தில் எங்கள் வீடுகளில் பேச்செல்லாம் கடலும் வலையும் டீசல் விலையும்தான். மரக்காணம் உப்பளம் அருகில் இருந்தாலும் அதன் நுணுக்கம் அங்கே வேலைக்குப் போகிற வீடுகளுக்குத்தான் தெரியும். என் தோழியின் அப்பா அப்படி ஒருவர். மாமா என்று கூப்பிடுவேன். பாத்தி நீரை ஒரு டப்பாவில் மொண்டு, நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் மிதக்கவிடுவார். குழாய் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, நீர்மட்டம் தொடும் கோட்டைக் கண்ணைத் தாழ்த்திப் படிப்பார்.

"இருபத்தஞ்சு வந்தாத்தான் கண்ணு உப்பு இறங்கும். முப்பதைத் தாண்ட விட்டா கசந்துடும்."

அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வேதியியல் இருக்கிறது. கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரியில் தொடங்குகிறது. வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் அடியில் தங்கும். பத்துக் குடம் ஒரு குடமாகச் சுண்டும்போது 25 டிகிரி. அப்போதுதான் உப்பு படிகமாகத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிய ஆரம்பிக்கும். அந்த உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். அதனால் அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

இந்த டிகிரி வெயிலின் டிகிரி அல்ல. போமே 1768இல் வகுத்த அளவு. சுத்தமான தண்ணீரில் குழாயை மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொட்ட இடத்தில் பூஜ்யம் என்று குறித்தார். 15 பங்கு உப்பை 85 பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் மிதந்த இடத்தில் 15 என்று குறித்தார். இடைவெளியைப் பதினைந்து சம பாகமாக்கி, அதே அளவில் கோடுகளைக் கீழே நீட்டிக்கொண்டே போனார். அவ்வளவுதான். சாதாரணச் சமையல் உப்பைக் கொண்டே உப்புநீரை அளக்கும் கோல் உருவாகியிருக்கிறது! மாமாவின் கையிலிருக்கும் குழாய் இந்த வம்சத்தைச் சேர்ந்தது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. கோடுகளைச் சமமாகப் போட்டால் சரியாக வருமா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். குழாயின் எடை மாறாது. ஆகவே நீர் அடர்த்தியாக ஆக, மூழ்கும் நீளம் அதே விகிதத்தில் குறையும். இன்று வழங்கும் போமே சூத்திரம் 145இலிருந்து, 145ஐ ஒப்படர்த்தியால் வகுத்து வருவதைக் கழிக்கச் சொல்கிறது. ஒரே பருமனுள்ள ஸ்ட்ரா ஒன்றின் அடியில், உட்புறமாகக் களிமண் அடைத்து, நல்ல தண்ணீரில் சரியாக 145 மில்லிமீட்டர் மூழ்கும்படி செய்யுங்கள். 25 டிகிரி உப்புநீரின் ஒப்படர்த்தி சுமார் 1.208. அதில் அந்த ஸ்ட்ரா 120 மில்லிமீட்டர்தான் மூழ்கும். 25 டிகிரிக்கு 25 மில்லிமீட்டர் மேலே எழும்பிவிட்டது. எல்லா டிகிரிக்கும் இதே கணக்குதான்: ஒரு டிகிரி, ஒரு மில்லிமீட்டர். ஒப்படர்த்தியையே நேராகக் குறித்தால் கோடுகள் போகப் போக நெருங்கிவிடும். போமேயின் கோடுகள் நெருங்குவதில்லை. பள்ளி ஸ்கேல் இருந்தால் போதும், உப்பளத்துக்குப் போகிற கருவியை ஒரு பிள்ளை தானே செய்துகொள்ளலாம்.

ஸ்ட்ரா எங்களுக்கு முன்பே பழக்கம். 2021 அக்டோபர் 27 அன்று எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அந்தத் திட்டத்தின் மாலை வகுப்பில் ஒருநாள் களிமண் அடைத்த ஸ்ட்ராவை மிதக்கவிட்டோம். உப்புப் போட்டால் எழும்புகிறது என்பதோடு அன்று பாடம் முடிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வந்தது. இரண்டு செம்புக் கம்பிகளை உப்புநீரில் நிறுத்தி மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று படிக்கவைத்தோம். உப்புநீரில் ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் கம்பியில் குமிழ் கிளம்பும். செம்பு அரித்துப் பச்சைச் சேறாகும். எண்ணும் நழுவிக்கொண்டே போகும். பென்சிலின் கரிக்குச்சியைக் கம்பிக்குப் பதிலாக வைத்து, படிக்கிற நொடியில் மட்டும் மின்சாரம் விட்டு, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் அடங்குகிறது. அப்போதும் திரையில் வருவது 0 முதல் 1023 வரை ஏதோ ஓர் எண். 640 என்றால் உப்பு வாரலாமா, கூடாதா? பலகைக்குத் தெரியாது. அளவு தெரிந்த உப்புநீரில் வைத்து இது இத்தனை டிகிரி என்று நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். போமே 1768இல் செய்த அதே வேலை.

எண்ணை நம்புவது, சந்தேகிப்பது இரண்டையும் அந்த ஆண்டு இன்னொரு செய்தியும் கற்றுக்கொடுத்தது. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட் செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு முடுக்கமானிகளின் அளவைக் குலைத்தது. சென்சார்கள் பழுது என்று ராக்கெட்டின் கணினி முடிவெடுத்தது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் போகவேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் சேர்ந்து வீணாயிற்று. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையை அடைந்தபோது எங்கள் வகுப்பே கைதட்டியது.

பள்ளிக் கண்காட்சிகளில் விளக்கு மினுக்கும் மாடலுக்குத்தான் கூட்டம் சேருகிறது. பார்க்க வருகிற ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "இந்த எண் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதற்கு நோட்டைப் புரட்டி, எந்தக் கரைசலில் என்ன எண் வந்தது என்று காட்டத் தெரிந்த பிள்ளை, கிட் இல்லாத இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். தொழில்நுட்ப வகுப்பில் எனக்குக் கிடைத்தது இந்தப் பழக்கம். இன்று பாலிடெக்னிக் பட்டறையிலும் அதுதான் கைகொடுக்கிறது.

புரோகிராம் அடுத்த வாரம். அதற்குள் வீட்டில் ஸ்ட்ராவைச் செய்து 145இல் நிறுத்திவையுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய உப்புநீரில் அது ஏன் குறைத்துக் காட்டுகிறது, அந்தச் சூட்டைப் புரோகிராமில் எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று அங்கிருந்து தொடங்குவேன்.

(தொடரும்)