கழனிச் சேற்றின் வாயு

தண்ணீர் கட்டிய கழனியில் கால் வைத்ததும் கொப்புளித்து வரும் குமிழிகளில் முக்கியமான வாயு மீத்தேன். ஏரிப் பாசனத்தை நம்பிய உத்திரமேரூர்ப் பகுதியில், களை பறிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அவ்வூரில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்ததை 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் சொல்கின்றன. அத்தகைய ஏரிகளின் அடிவண்டலிலும் இதே வாயு உண்டாகிறது.

சேற்றுழவு முடிந்து நீர் நின்றதும் மண்ணிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு, சல்ஃபேட் என்று ஏறக்குறைய வரிசையாகக் கைவைக்கும். சேறு கறுப்பதும் அழுகிய முட்டை வாடை வீசுவதும் அப்போதுதான். எல்லாம் குறைந்தபின் ஆர்க்கியா வகை உயிர்களின் முறை வருகிறது. மடக்கி உழுத தழையும் தாளும் மட்கும்போது கிடைக்கும் அசிட்டேட்டையும், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் கொண்டு அவை மீத்தேனை உண்டாக்குகின்றன.

கார்பன் டை ஆக்சைடும் அங்கே உண்டாகிறது. ஆனால் குமிழியாவதில் முந்துவது மீத்தேன். இயல்பான காற்றழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் நீர் சுமார் ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். மீத்தேனிலோ ஏறத்தாழ 22 மில்லிகிராம்தான். கோலி சோடாவில் வாயுவை அழுத்தித் திணிக்க வேண்டும். சேற்றிலோ மீத்தேன் கொஞ்சம் சேர்ந்தாலே நீர் நிறைந்துவிடும். கரைந்த வாயுக்களின் மொத்த அழுத்தம், காற்றும் மேலே நிற்கும் நீரும் தரும் அழுத்தத்தை மிஞ்சினால் மண் துகள்களின் இடுக்கில் குமிழி பிறக்கும். பசைக் களிமண் அதை விடாது. கால் அழுத்தும்போதுதான் வழி திறக்கிறது. 1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரியில் இயற்பியலாளர் வோல்டாவும் இப்படித்தான் சேற்றைக் கிளறி, எழுந்த வாயுவைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார்.

கண்ணில் படும் குமிழிகள் கணக்கில் சிறுபங்கே. பயிர் வளர்ந்தபின் மீத்தேனின் பெரும்பகுதி நெல்லின் காற்றறைத் திசு வழியே சத்தமில்லாமல் வெளியேறுகிறது. அதே வழியில் கீழிறங்கும் ஆக்சிஜன் இரும்பை ஆக்சைடாக்குவதால்தான் கறுத்த சேற்றிலும் வேர் செம்பழுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் பாசிப் படலத்தில் தங்கும் குமிழிகள் வேறு: அவை ஒளிச்சேர்க்கையில் பிறந்த ஆக்சிஜன், தீப்பற்றாது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் உற்பத்தி வெகுவாகக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடக்கூடும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது வழக்கம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.