லிஃப்டருக்கு ஒரு மாற்று



ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டதும், "வாலிபால் பத்தி எழுதுதேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் எழுதும் 'விளையாட்டின் நன்மைகள்' கட்டுரை அல்ல இது. ஒரு நாட்டின் பெண்கள் அணிக்கு செட்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதிலும், இருக்கிற நல்ல செட்டருக்கு அடிபட்டுவிட்டால் என்ன செய்கிறார்கள்? இதுதான் விஷயம்.

"ஒலிம்பிக் டீமுக்கும் தென்காசிக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். சம்பந்தம் இருக்கிறது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் நமக்கெல்லாம் கொண்டாட்டம்தான். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டமா என்பதே பேச்சு. ஆனால் வாலிபால் ஆடுகிறவர்களுக்கு அந்தச் சாரல் ஒரு எதிரி. தூறல் நின்ற பிறகும் மைதானத்தில் ஈரம் நிற்கும். மண் வழுக்கும். அப்படி ஒரு சாயங்காலப் பயிற்சியில்தான் எங்கள் பெண்கள் அணியின் லிஃப்டர் கால் பிரண்டு விழுந்தாள். மண்டலப் போட்டிக்கு நான்கே நாள். அணித் தலைவி நான். "வலிக்கல, வெளையாடுதேன்" என்றாள். நானும் சரி என்றேன். அந்தச் 'சரி' எவ்வளவு பெரிய தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டத்துக்கு வருவோம்.

செட்டர் என்பவர் யார்?

வாலிபால் 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கிய ஆட்டம். ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964-ல், டோக்கியோவில். பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர். ஒரு பக்கம் ஆறு பேர். பந்து மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும்.

இந்த மூன்றில் முதல் தொடுதல் பந்தை எடுப்பது, மூன்றாவது அடிப்பது. இந்த இரண்டையும் அணியில் பலர் செய்வார்கள். நடுவில் உள்ள இரண்டாவது தொடுதல் மட்டும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுடையது. அவர்தான் செட்டர்; நம் ஊர்ப் பேச்சில் லிஃப்டர். 'கட்' அடிக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும், அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எந்த மூலைக்கு, எவ்வளவு உயரத்தில், யாருக்குப் பந்து போக வேண்டும் என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்பவர் அவர்தான்.

'குயிக்' பந்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். செட்டரின் கையில் பந்து படும் நேரத்திலேயே அடிப்பவள் மேலே எழும்பிவிடுகிறாள். பந்து தன் கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் எழும்புகிறாள். அந்த நம்பிக்கை ஒருநாளில் வருவதல்ல. பல மாதங்கள் ஒன்றாக ஆடி வருவது. இன்றைய அணிகள் பெரும்பாலும் 'ஐந்துக்கு ஒன்று' முறையில் ஆடுகின்றன. அதாவது ஐந்து பேர் அடிப்பார்கள், ஒருவர் மட்டும் தூக்கிக் கொடுப்பார். நம் பாடத்தில் சொன்னால் இது ஒரு சீரீஸ் சர்க்யூட். அந்த ஒரு பல்பு அணைந்தால் எல்லாமே அணைந்துவிடும்.

அடிப்பவருக்கு அடிபட்டால் இன்னொரு அடிப்பவரை இறக்கலாம். செட்டருக்கு அடிபட்டால் ஐந்து பேரின் நேரக்கணக்கும் சேர்ந்து குலைகிறது. அதனால்தான் தேர்வாளர்களுக்கு இது தலைவலி. ஒலிம்பிக் அணியில் 12 பேருக்குத்தான் இடம். வழக்கமாக அதில் செட்டருக்கு இரண்டு இடம். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் அடிப்பவர்களிலோ தடுப்பவர்களிலோ ஒருவரைக் குறைக்க வேண்டும்.

டோக்கியோவில் நடந்தது

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கப் பெண்கள் அணி. 1984, 2008, 2012 என்று மூன்று முறை வெள்ளியோடு திரும்பிய அணி அது. தங்கம் கிடைத்ததே இல்லை. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு, பயிற்சியாளர் கார்ச் கிராலி இரண்டு செட்டர்களை அழைத்துப் போனார். முதல் செட்டர் ஜோர்டின் போல்ட்டர்; இரண்டாவது மிக்கா ஹான்காக்.

ஆரம்பச் சுற்றிலேயே சோதனை. ரஷ்ய வீராங்கனைகளின் அணியோடு ஆடியபோது முக்கிய அட்டாக்கர் ஜோர்டன் தாம்சன் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். ஆட்டமும் தோல்வி. அடுத்து ஆகஸ்ட் 2-ல் இத்தாலியோடு ஆட்டம். அதில் போல்ட்டருக்கும் கணுக்கால் பிரண்டது. இரண்டு ஆட்டத்தில் இரண்டு கணுக்கால்! அதே இடத்தில் நம் அணி இருந்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்போம்.

ஹான்காக் உள்ளே வந்தார். அந்த ஆட்டத்தை 3-2 என்று அமெரிக்கா வென்றது. காலிறுதியில் டொமினிக்கன் குடியரசை எதிர்த்தும் அவர்தான் செட்டர். நேர் செட்களில் வெற்றி. போல்ட்டருக்கு ஓய்வு கிடைத்தது. அரையிறுதிக்கு அவர் திரும்பினார். ஆகஸ்ட் 8-ல் இறுதி ஆட்டம், எதிரே பிரேசில். 25-21, 25-20, 25-14. அமெரிக்கப் பெண்களுக்கு முதல் தங்கம். போட்டியின் சிறந்த செட்டர் விருது போல்ட்டருக்கே கிடைத்தது.

பேப்பரில் போல்ட்டரின் பெயர் வந்தது. ஆனால் என்னைக் கேட்டால், தங்கத்துக்கு வழி திறந்தது அந்தக் காலிறுதி. அன்றைக்கு ஹான்காக் தயாராக இல்லாதிருந்தால், வீங்கிய காலோடு போல்ட்டரை இறக்கியிருப்பார்கள். பிறகு அரையிறுதியும் இல்லை, விருதும் இல்லை.

மூவருக்கு இரண்டு நாற்காலி

கதை அங்கே முடியவில்லை. 2022 டிசம்பரில், இத்தாலி லீகில் ஆடிக்கொண்டிருந்த போல்ட்டருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இது கணுக்கால் சுளுக்கு மாதிரி அல்ல. அறுவை சிகிச்சை செய்து, மறுபடி நடந்து, ஓடி, குதித்து, ஆட்டத்துக்குத் திரும்ப வழக்கமாக ஒன்பது மாதமாவது ஆகும். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. இப்போது கிராலியின் முன்னால் மூன்று பெயர்கள். ஒன்று, தங்கம் வாங்கிக் கொடுத்த போல்ட்டர். ஆனால் பெரிய காயத்திலிருந்து எழுந்து வந்தவர். இரண்டு, ஆபத்தில் கைகொடுத்த ஹான்காக். மூன்று, லாரன் கார்லினி. பல வருஷம் தேசிய அணியோடு உழைத்தும் ஒலிம்பிக் வாய்ப்பே கிடைக்காதவர். இருப்பது இரண்டே இடம். நீங்கள் தேர்வாளராக இருந்தால் யாரை விடுவீர்கள்?

கிராலி எடுத்தது போல்ட்டரையும் கார்லினியையும். ஹான்காக் வெளியே. நன்றிக்கடன் பார்த்தால் அவரை விட்டிருக்க முடியாது. ஆனால் தேர்வு என்பது போன போட்டிக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. வரப்போகிற போட்டிக்குச் செய்யும் ஏற்பாடு. பாரிஸில் அமெரிக்கா இறுதி ஆட்டம் வரை போய், ஆகஸ்ட் 11-ல் இத்தாலியிடம் தோற்று வெள்ளி பெற்றது. தேர்வு சரியா தப்பா என்று இப்போதும் வாதாடலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். போல்ட்டர் காயத்தோடு கிடந்த காலத்தில் மற்ற செட்டர்கள் அணியோடு ஆடிக்கொண்டே இருந்தார்கள். யார் வந்தாலும் பந்து வரும் என்ற பழக்கம் அடிப்பவர்களுக்கு இருந்தது. மூன்று பேரில் இருவரைத் தேர்வு செய்வது கஷ்டம்தான். ஒருவர்கூட இல்லாமல் தவிப்பதைவிட அது நல்ல கஷ்டம் அல்லவா?

உடைந்த விரலோடு ஆடியவர்

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். "அடிபட்டாலும் ஆடுறதுதானே வீரம்?" அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஜப்பானின் யோஷியே டகேஷிட்டா. உயரம் 159 சென்டிமீட்டர்தான். நம் வகுப்பில் நிற்க வைத்தால் தனியாகத் தெரிய மாட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் அவருடைய இடது ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்தது. செட்டருக்கு விரல்தான் முதல். எதிரணிக்குத் தெரியாமல் மறைத்து, விரலைக் கட்டிக்கொண்டு ஆடினார். காலிறுதியில் சீனாவை 3-2 என்று ஜப்பான் வென்றது. கடைசியில் தென்கொரியாவை வென்று வெண்கலம். 28 ஆண்டுக்குப் பிறகு ஜப்பான் பெண்களுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

படிக்கும்போது மெய்சிலிர்க்கிறது, உண்மைதான். எனக்கும் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில்தான் என் தோழியை இறக்கினேன். ஆனால் மூன்று விஷயத்தை நான் யோசிக்கவில்லை. முதலாவது, விரல் வேறு, கால் வேறு. விரலைக் கட்டிக்கொண்டு பந்தைத் தொடலாம். தளர்ந்த கணுக்காலோடு குதித்து இறங்கினால், அதன் தடுமாற்றம் முழங்காலுக்கும் போகும். இரண்டாவது, அவர் 34 வயதில், பல ஒலிம்பிக் அனுபவத்தோடு, எல்லாம் தெரிந்து எடுத்த முடிவு அது. மூன்றாவது, ஜப்பான் அணியில் ஹிட்டோமி நகமிச்சி என்ற இன்னொரு செட்டர் இருந்தார். அவரும் 159 சென்டிமீட்டர்தான்! டகேஷிட்டாவால் முடியாமல் போனால் இறங்க ஆள் இருந்தது. எங்கள் பெஞ்சில் யார் இருந்தார்கள்? யாருமில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான் படித்ததிலும் பட்டதிலும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. 'வலிக்கிறதா?' என்று கேட்டுத் தேர்வு செய்யக் கூடாது. ஆட ஆசைப்படுகிறவள் எப்படியும் 'இல்லை' என்றுதான் சொல்வாள். செய்து காட்டச் சொல்ல வேண்டும். அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று காட்டட்டும். அந்தக் காலிலேயே குதித்து இறங்கட்டும். பக்கவாட்டில் ஓடித் திரும்பட்டும். மற்றக் காலுக்கு இது சமமாக இல்லையென்றால் அவள் இன்னும் தயாராகவில்லை. வீக்கம் பெரிதாக இருந்தாலோ காலை ஊன்ற முடியாவிட்டாலோ முதலில் டாக்டர், எக்ஸ்ரே. எண்ணெய் போட்டு உருவுவதும், "மெயின் அருவியில காலக் காட்டு, சரியாப்போயிரும்" என்பதும் வைத்தியம் ஆகாது.

2. இரண்டாவது செட்டரைத் தேடும்போது 'அடுத்த திறமைசாலி யார்' என்று மட்டும் பார்க்கக் கூடாது. அடிப்பவர்களோடு ஏற்கெனவே பழகிய கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

3. அந்தக் கையைப் பழக்குவதற்கு ஆட்டத்திலேயே வழி உண்டு. ஒரு செட்டில் ஆறு மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். முதல் செட்டர் முன்வரிசைக்கு வரும்போது அவருக்குப் பதில் உயரமான அட்டாக்கரை முன்னாலும், அதே நேரம் பின்வரிசையில் இருக்கும் அட்டாக்கருக்குப் பதில் இரண்டாவது செட்டரையும் இறக்குவார்கள். இதை 'இரட்டை மாற்று' என்கிறார்கள். போய்த் திரும்ப நான்கு மாற்று செலவாகும். ஆனால் வலையருகே உயரமும் கிடைக்கும், இரண்டாவது செட்டருக்கு உண்மையான ஆட்டமும் கிடைக்கும்.

4. சின்ன அணிகளுக்கு 'நாலுக்கு இரண்டு' முறை நல்லது. இரண்டு செட்டர், நான்கு அட்டாக்கர். அடிக்கும் பலம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒருவர் விழுந்தால் அணி விழாது.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கம்பி எவ்வளவு சுமையில் அறுந்து போகுமோ, அவ்வளவு சுமையை அதில் தொங்கவிட மாட்டோம். அதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் ஏற்றுவோம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். மைதானத்தில் மறந்துபோனேன்.

அந்த மூன்றாவது செட்

மண்டலப் போட்டியில் முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் முன்னிலையில் இருந்தோம். என் தோழி ஒரு பந்தைக் குதித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அருமையான பந்து, நான்தான் அடித்தேன். பாயின்ட் கிடைத்தது. கையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த முறை முழங்கால். அவளுக்குப் பதிலாக நின்ற பெண் அதுவரை ஒரு ஆட்டத்திலும் பந்து தூக்கியவள் அல்ல. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மிச்சப் புள்ளிகளைத் தோற்றோம்.

கோப்பை போனது பெரிதில்லை. அடுத்த வருஷமும் வரும். என் தோழி இப்போது நன்றாக நடக்கிறாள், ஓடுகிறாள். குதிக்க மட்டும் பயப்படுகிறாள். "உன் மேல கோவம் ஒண்ணும் இல்லட்டி, நானும்தான ஆடுதேன்னு சொன்னேன்" என்கிறாள். அவள் சொன்னாள், சரிதான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது தலைவி அல்லவா? இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, பேர மட்டும் போடாத" என்றாள்.

இந்த ஆண்டு எங்கள் அணியில் மூன்று பேர் பந்து தூக்கப் பழகுகிறார்கள். சாயங்காலம் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் என் தோழிதான். மைதானம் ஈரமாக இருந்தால் அன்றைக்குக் குதித்து ஆடுவதில்லை. சுவரில் பந்தைத் தட்டி விரலைப் பழக்குகிறோம். ஜூனியர் தங்கைகளே, 'கட்' அடிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். தூக்கிக் கொடுக்கவும் வாருங்கள். அணிக்குத் தலைவியாகப் போகிறவர்களே, முதல் செட்டர் யார் என்று முடிவு செய்த அன்றைக்கே இரண்டாவது செட்டர் யார் என்றும் எழுதி வையுங்கள்.

சாரல் வரும், மண் வழுக்கும், கால் பிரளும். அதை நாம் தடுக்க முடியாது. மாற்று ஆளைத் தயாராக வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.