ஒயின் முதிர்வதும் வீட்டின் வெப்பமும்

பாட்டிலில் அடைத்துத் தக்கை இறுக்கிய பிறகும் ஒயினுக்குள் வேதிவினைகள் ஓய்வதில்லை. சிவப்பு ஒயினில் நிறமிகளும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிகிறது; ஊதாச் சாயல் மறைந்து செங்கல் நிறம் ஏறுகிறது. நொதித்தலில் பிறந்த பழ வாசனைகள் குறைய, தோல், புகையிலை, உலர்பழம் போன்ற மணங்கள் எழுகின்றன. இவை எந்த வேகத்தில் நடக்கும் என்பதைப் பெருமளவு வெப்பநிலையே தீர்மானிக்கிறது.

ஒயின் முதிர ஏற்றதென ஐரோப்பிய நிலவறைகளின் அனுபவம் காட்டும் அளவு 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ். பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் ரைம்ஸ் நகருக்கு அடியிலுள்ள பழைய சுண்ணக்கல் சுரங்கங்கள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரியில் நிற்கின்றன.

வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் பத்தாண்டுப் பக்குவத்தை வெதுவெதுப்பான அலமாரியில் ஐந்தாண்டில் பெற்றுவிடலாமே என்று தோன்றும். ஆனால் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. தீயைக் கூட்டி வடித்த சோறு அடிப்பிடித்து, மேலே அரிசியாகவே நிற்பதைப்போல, சூட்டில் முதிர்ந்த ஒயினும் ஒருபுறம் கிழண்டு மறுபுறம் கனியாமல் போகிறது. இளம் வெள்ளை ஒயினில் வாழைப்பழ மணம் தரும் எஸ்டர் என்னும் சேர்மம் சீக்கிரமே சிதைகிறது. ஆக்சிஜனிடமிருந்து ஒயினைக் காக்கும் கந்தக டை ஆக்சைடு விரைவில் தீர்ந்து, நிறம் பழுப்பாகிறது. ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினில் பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய பெட்ரோல் வாடை முன்கூட்டியே தலைகாட்டுகிறது.

தக்கைக்கும் சூடு கேடு. ஆல்கஹால் நீரைவிட அதிகமாக விரிவதால், பாட்டிலின் கழுத்திலுள்ள சிறிய காற்றிடம் நெருக்குண்டு தக்கை வெளியே தள்ளப்படுகிறது. மீண்டும் குளிரும்போது காற்று உள்ளே இழுக்கப்படலாம்.

குளிர் எவ்வளவு காக்கும் என்பதற்கு அபூர்வமான சான்று பால்டிக் கடலில் கிடைத்தது. 2010இல் ஆலண்ட் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்கள் மீட்கப்பட்டன. 2 முதல் 4 டிகிரிக் குளிரில், இருளில் சுமார் 170 ஆண்டுகள் கிடந்தவை அவை. முதலில் விலங்கு வாடை அடித்தாலும், கோப்பையில் காற்றுப் பட்டதும், திறந்து பார்த்தவற்றில் மலர், பழ மணங்கள் எழுந்தன.

சூடு ஒயினைக் கெடுக்கும் என்பதற்கு மடெய்ரா என்னும் ஒயின் விலக்கு. வெப்பமண்டலக் கடல்களைக் கடந்த கப்பல்களில் சூடேறிப் பேர்பெற்ற அந்த ஒயினை, எஸ்டுஃபா என்னும் சூடேற்றும் முறையில் 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதங்களாவது வேண்டுமென்றே காய்ச்சுகிறார்கள். ஆல்கஹால் கூடுதலாகச் சேர்த்த ஒயின் என்பதால் அது தாங்குகிறது.

வீட்டில் மிக மோசமான இடங்கள் ஃபிரிட்ஜுக்கு மேலே உள்ள இடம், அடுப்பின் அருகு, வெயில் விழும் ஜன்னல். நடு வீட்டில், வெளிச்சுவரைத் தொடாத கீழ் அலமாரி பரவாயில்லை. கடையில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிக்கவே தயாரிக்கப்படுபவை. அவற்றுக்கு இதுவே போதும். நீண்டகாலம் முதிர வேண்டியவற்றுக்கு வெப்பநிலையைச் சீராக வைக்கும் ஒயின் கேபினட் தேவை. சாதாரண ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே பாட்டிலின் அடியில் படியும் கண்ணாடித் துணுக்கு போன்ற டார்டரேட் படிகங்கள் தீங்கற்றவை. ஃபிரீசரில் வைத்தால் ஒயின் உறைந்து விரிந்து தக்கையைத் தள்ளிவிடும். திறந்த பாட்டிலுக்கு மட்டும், சிவப்போ வெள்ளையோ, ஃபிரிட்ஜே சரியான இடம்; அங்கே சில நாட்கள் தாங்கும்.